பீரோ சாவி இப்போது என்னிடம் இல்லை

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், மத்தியான வெயிலில் வந்து உட்கார்ந்த தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை புதுப் பருவம் தொடங்குகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் என்னிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வரும்: நேரத்துக்கு அனுப்பவும், நகம் வெட்டவும், பெயர் எழுதாத பொருளுக்குப் பள்ளி பொறுப்பல்ல. அதுவும் தனியாக வரும், தப்ப முடியாது. இந்த மடல் போன பருவத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல. பெயர் போட்டே எழுதலாம் என்றுதான் இருந்தேன். கேட்டுப் பார்த்ததில் பாதிப் பேர் "ஐயோ, வேண்டாம் டீச்சர்" என்றார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால் நன்றாக இருக்காது. அதனால் யார் பெயரும் இல்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் என் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். போன பருவத் தொடக்கத்தில் உங்களிடம் ஒரு பட்டியல் கொடுத்துக் கதைப் புத்தகங்கள் கேட்டேன். கேட்டதற்கு மேலேயே தந்தீர்கள். வந்தவற்றை எண்ணி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, என் அறையில் இருக்கும் கண்ணாடிக் கதவு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளிடம் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள், நாளைக்குக் கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது? பல வருஷத்துப் பழக்கம்.

ஒருநாள் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்த ஓர் அம்மா, காத்திருந்த நேரத்தில் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் புத்தம்புதுசா இருக்கே டீச்சர்" என்றார். பாராட்டு என்று நினைத்து, "ஒண்ணுகூடக் கிழியாம வச்சிருக்கோம்" என்றேன். "கிழிஞ்சிருந்தா என்ன டீச்சர், என் பொண்ணு கைல கிடைச்சாப் போதும்" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு போயும்விட்டார். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே பீரோவைத் திறந்துவிட்டேன். முதல் நன்றி அந்த அம்மாவுக்கு.

பீரோவைத் திறந்த பிறகுதான் அடுத்த சங்கதி வெளிச்சத்துக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் புத்தகத்தை எடுத்தார்கள், படம் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தால் கடகடவென்று ஒப்பிக்கிற அதே பிள்ளைகள், பார்க்காத பக்கத்தைக் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றார்கள். மனப்பாடத்தை வாசிப்பு என்று நாங்கள் நம்பியிருக்கிறோம்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று; துணைக்குறிகள் பிடிபட்டுவிட்டால் உயிர்மெய் 216-உம் பின்னாலேயே வந்துவிடும். ஆனால் அந்தக் குறிகள் பிடிபடுவதுதான் கஷ்டம். 'கொ' எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, வாயில் வருகிறபோதோ இரண்டும் சேர்ந்து எழுத்துக்குப் பின்னால் ஒரே ஒலியாகிவிடுகிறது. 'கௌ'வைப் பார்த்து ஒரு பிள்ளை 'கெள' என்று படித்தால் அது முட்டாள்தனம் இல்லை, கண்ணுக்குத் தெரிவதைத்தான் படிக்கிறது. இதையெல்லாம் தாண்டி வர, பிள்ளை சத்தமாகப் படிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது.

அதனால்தான் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டேன்: "பொருள் எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பதைக் கேட்க ஆள் வேண்டும்." இரண்டு பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். பதினொரு பேர் வந்தீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா, இரவுக் காவல் வேலை முடிந்து தூங்கப் போகும் முன் ஓர் அப்பா, கல்லூரி விடுமுறையில் ஓர் அக்கா. அப்புறம் ஒரு பாட்டி. "எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் வரலாமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே வரச் சொன்னேன்.

பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தது அந்தப் பாட்டியிடம்தான். காரணத்தை நான் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன் (தலைமை ஆசிரியர்களுக்கு ஒட்டுக்கேட்க உரிமை உண்டு). பாட்டி யாரையும் திருத்துவதில்லை, அவருக்குத் திருத்தத் தெரியாது. கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்கிறார். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் "அப்புறம்?" என்கிறார். அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டும், நரி கிணற்றுக்குள் விழுந்ததா இல்லையா என்று. பிள்ளைக்கு வேறு வழியில்லை, அந்தச் சொல்லை உடைத்துப் படித்தே ஆக வேண்டும். என் முன்னால் வாயே திறக்காத ஒரு பையன் அந்தப் பாட்டிக்கு ஒரு முழுக் கதையைப் படித்துக் காட்டினான். இருபது நிமிடம் எடுத்தான். பாட்டி நகரவே இல்லை.

மற்றவர்களுக்கு நாங்கள் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தோம், நினைவிருக்கும். 1970-களின் கடைசியில் நியூசிலாந்தில், பெற்றோர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வாசிப்பில் உதவுவதற்காக உருவாக்கிய முறை அது. பிள்ளை நின்றால் ஐந்து நொடி பொறுப்பது, அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஒரு துப்பு கொடுப்பது, தானே சரிசெய்துகொண்டால் அதைச் சொல்லிப் பாராட்டுவது. கேட்க எளிது. ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரிகிறது. உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. ஆசிரியர்களான எங்களுக்கு இரண்டாவது நொடியிலேயே வாய் திறந்துவிடுகிறது.

காவல் வேலை செய்யும் அப்பாவுக்குத் தனியாக ஒரு நன்றி. மூன்றாவது வாரம் என் அறைக்கு வந்து, "அந்தப் பொண்ணு புத்தகத்தை மூக்குலயே ஒட்டி வச்சுக்குது டீச்சர், நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தா கண்ணைச் சுருக்குது" என்றார். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனதில் இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. அந்தப் பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் "கவனக் குறைவு" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறோம். இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. மங்கலாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மற்றவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும் என்பதே தெரியாது, அதனால் வந்து சொல்லவும் சொல்லாது. கண்ணாடி போட்ட பிறகு என் அறைக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருக்கும் பழைய குழுப் படத்தைக் காட்டி, "இதுல நீங்களும் இருக்கீங்களா டீச்சர்!" என்று கேட்டாள். மூன்று வருஷமாக அந்த அறைக்கு வந்துபோகிறவள்.

அதனால் இந்தப் பருவம் முதல் வாரத்திலேயே ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் கண் பார்க்கிறோம். சோம்பேறிக் கண் என்று சொல்லும் குறைக்கு ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அன்றைக்கு விடுப்பு எடுக்க வைக்காதீர்கள்.

பேன் விஷயம். சிரிக்காதீர்கள், போன பருவத்தில் பெற்றோருக்குள் பெரிய சண்டையாகியிருக்க வேண்டியது. யார் பிள்ளையிடமிருந்து யார் பிள்ளைக்கு வந்தது என்று குழுவில் பேச்சு சூடாகிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா "எங்க வீட்டுலயும் இருக்கு, ரெண்டு பேருக்கும், எனக்கும்" என்று எழுதினார். அதோடு சண்டை அடங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் "எங்க வீட்டுலயும்" என்று வரிசையாக வந்தது. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். சுத்தமான தலைக்கும் வரும். ஈர் பொரிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதால் ஒருமுறை வாரிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எல்லோரும் ஒரே நாளில் வாரி, அடுத்த வாரம் மறுபடி வாரினீர்கள், போய்விட்டது.

எங்கள் ஆயம்மாவுக்கும் நன்றி. குழாயடியில் வைக்கும் சோப்பு தினமும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. நான் சுற்றறிக்கை எழுத யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் சோப்பை ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டார். அ முதல் ஔ வரை நிதானமாக இரண்டு தடவை சொல்லி முடிக்கும்வரை தேய்க்க வேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், இருபது நொடி, சரியாக வருகிறது. வாசலில் காலை நெரிசலைச் சமாளித்த அப்பாக்களுக்கும் நன்றி. விசில் மட்டும் கொஞ்சம் குறைவாக ஊதலாம்.

வேலைக்குப் போவதால் வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டு எழுதியவர்கள் பலர். மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும், பகல் நேரத்தை மட்டும் வைத்தது என் வசதிக்காக. இரவு பத்து நிமிடம், சமையல் செய்துகொண்டேகூட, பிள்ளை படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு நடுவில் "அப்புறம்?" என்று கேளுங்கள். அந்தப் பாட்டி செய்தது அதுதான்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை: வருகை. மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு பெரிதாகத் தெரியாது. பத்து மாதத்தில் அது இருபது நாள், பள்ளிக் கணக்கில் முழுதாக நான்கு வாரம். காய்ச்சல் என்றால் கட்டாயம் வீட்டில் வைத்திருங்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தார் என்பதற்கு வேண்டாமே.

வாசிப்பு நேரம் இந்தப் பருவமும் செவ்வாய், வியாழன் கடைசிப் பாடவேளையில் தொடரும். பீரோ சாவி ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரிடம் இருக்கிறது. பதினான்கு புத்தகங்கள் கிழிந்திருக்கின்றன, ஒட்டுவதற்கென்று அவர்களே ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஒரு புத்தகம் கணக்கில் வரவில்லை. அது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறானாம், அவன் அம்மா சொன்னார். பதிவேட்டில் "வாசிப்பில் உள்ளது" என்று எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமை ஆசிரியை

பி.கு.: காணாமல் போன பொருள் பெட்டியில் ஒன்பது தண்ணீர் பாட்டில், ஆறு டப்பா மூடி (டப்பா இல்லை), ஒரு இடது கால் ஷூ. ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்ததை யாராவது கவனித்தீர்களா?