நம் சிவப்புத் துணிக்கு எந்த மரத்துச் சாயம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் பட்டறையில் சிவப்புப் புடவையும் துண்டும் வாங்கிப் போனவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒன்று, "இது செம்மரச் சாயமா, வாங்கினால் வம்பு எதுவும் வருமா?" இன்னொன்று, "எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மஞ்சளாகிவிட்டதே, சாயம் போலியா?" கல்லாவில் நின்றுகொண்டு ஆளுக்குப் பாதியாகச் சொல்வதைவிட, விவரமாக எழுதிவிடுவது நல்லது.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. துறைமுகத்தில் கன்டெய்னரோடு செம்மரம் பிடிபட்டது என்று பேப்பரில் படித்துப் படித்து, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஆட்களுக்குச் சிவப்புக் கட்டை என்றாலே அந்த நினைப்புதான் வரும். நியாயம்தான். செம்மரம் ஆந்திராவில் கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் வளர்வது. அங்கே காட்டில் வெட்டுவது குற்றம். 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கம்பெனிக் காலத்தில் இதே சென்னைக் கரையிலிருந்து சாயத்துக்கென்றே அதை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் செம்மரத்தின் சிவப்பு தண்ணீரில் இறங்காது, சாராயத்தில்தான் கரையும். நம் அண்டாவில் கொதிப்பது வெறும் தண்ணீர். அதில் செம்மரத்தைப் போட்டால் இந்த நிறம் கிடைக்காது.

நாங்கள் போடுவது பதிமுகம். கேரளத்து ஓட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, அந்தக் கட்டைதான். முள்ளுள்ள சிறு மரம். நட்டு வளர்த்து எட்டுப் பத்து ஆண்டில் வெட்டலாம், காட்டில் கை வைக்க வேண்டியதில்லை. சாயம் வைரத்தில், அதாவது கட்டையின் கெட்டியான நடுப்பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. புதிதாகப் பிளந்த வைரம் வெளிறித்தான் இருக்கும், காற்றுப் படப்படச் சிவக்கும். கட்டையிலுள்ள பிரேசிலின் என்ற பொருள் காற்றோடு சேர்ந்து பிரேசிலீனாக மாறுவதால் வரும் சிவப்பு அது.

எலுமிச்சை விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாயம் புளிப்புப் பட்டால் மஞ்சளாகும், சோப்பும் சோடாவும் பட்டால் கருஞ்சிவப்பாகும். அது அதன் இயல்பு. போலி என்று நீங்கள் பயந்த அந்த மஞ்சள், உண்மையில் அசல் என்பதற்கு அடையாளம். சந்தேகம் இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் பதிமுகம் வாங்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்து பாருங்கள். தண்ணீர் மஞ்சளானால் அசல். சிவப்பு அசையாமல் நின்றால், ஏதோ மரச்சீவலில் செயற்கைச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். துணியில் சாறு பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள், பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும்.

துணிக்கு ஏற்றும் விதத்தையும் சொல்கிறேன். கஞ்சி போக அலசிய பருத்தியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கிக் காயவைப்போம், அப்புறம் படிகாரம். பருத்தி தானாகப் படிகாரத்தைப் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புதான் பிடிக்கவைக்கும். முந்தின ராத்திரி ஊறப்போட்ட சீவலை மெல்லிய தீயில் வேகவைத்து, வடிகட்டி, அதில் துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் திட்டு விழும், தீ கூடினால் சிவப்பு பழுப்படிக்கும். கிலோ துணிக்கு ஏறக்குறைய கிலோ சீவல் செலவாகிறது. விலைக்குப் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் தண்ணீர். எங்கள் தெருவின் போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் உண்டு. இரும்பு கலந்தால் சிவப்பு ஊதாவாக மங்கும். ஆகவே சாய அண்டாவுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர்தான். லாரி வராத நாளில் அடுப்பு எரியாது. ஆர்டர் தள்ளிப்போவது அதனால்தான்.

இந்தக் கட்டைக்குப் பின்னால் பெரிய வணிகம் நடந்திருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கொல்லத்தில் இதைப் பார்த்து எழுதினார். இன்று தாய்லாந்து எனப்படும் சயாமை ஆண்ட அயுத்தயா அரசர்கள் அங்கிருந்து ஜப்பானுக்கு இதைத்தான் கப்பல் கப்பலாக விற்றார்கள். 1500இல் போர்ச்சுகீசியர் தென்னமெரிக்கக் கரையில் இறங்கியபோது, இதே குடும்பத்து மரம் அங்கே காடாக நின்றது. பிரேசில் நாட்டுக்குப் பெயரே அந்த மரத்தால் வந்ததுதான். ஐரோப்பியச் சாயக்காரர்களுக்காக வெட்டி வெட்டி, இன்று அது அழியும் பட்டியலில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 1596இல் திறந்த ஒரு சிறையில், அந்தக் கட்டையை அரத்தால் ராவித் தூளாக்குவதுதான் கைதிகளுக்குத் தண்டனை. நாள் முழுக்கச் சிவப்புத் தூளில் நின்று ராவியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கிறது. அழகான நிறத்துக்கு யாரோ கொடுத்த விலை அது.

மெக்சிகோப் பக்கத்துக் கம்பேச்சி மரம் இன்னொன்று. அதன் சாயம் நிற்கவில்லை என்று இங்கிலாந்தில் 1581இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். தடை நீங்கியது 1662இல். அன்று அவர்கள் சொன்ன குறை, மரச்சாயம் பலவற்றுக்கும் உள்ள குறை. அதை உங்களிடம் மறைத்து விற்க எங்களுக்கு மனமில்லை: பதிமுகச் சிவப்பு வெயிலில் வெளுக்கும். மொட்டை மாடியில் தினம் காய்ந்தால் சில மாதங்களில் வெளிர் ரோஜாவாகிவிடும்.

வெயிலைத் தாங்கும் சிவப்பு நம் சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. கடலோர மணலில் விளையும் சாயவேர்தான் அது. இங்கிருந்து உலகமெல்லாம் போன பூவேலைத் துணிகள் துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று நின்றது அந்த வேரால்தான். அதிலுள்ள அலிசரின் என்ற சிவப்புப் பொருளை 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். வேர் தோண்டும் தொழில் அதன் பிறகு நொடித்தது. வேரும் இப்போது லேசில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பதிமுகத்தைப் போலப் பல மடங்கு விலை.

ஆகவே இனிமேல் எங்கள் சிவப்பு இரண்டு சீட்டோடு வரும். "கட்டைச் சிவப்பு" என்றால் பதிமுகம்: விசேஷத்துக்குக் கட்டும் புடவை, துப்பட்டா, குழந்தையின் தொட்டில் துணிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். "வேர்ச் சிவப்பு" என்றால் சாயவேர்: அடிக்கடி துவைக்கும் சட்டை, வேட்டிக் கரைக்கு அதுதான் சரி. கடைப் பையன் எது நல்லது என்று சொல்லத் தயங்கினால், தினம் கட்டுவீர்களா என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பான்.

கட்டைச் சிவப்பைத் துவைக்கப் பூந்திக்கொட்டை போதும். சோப்புத் தூள் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். பீரோவில் வைக்கும்போது வெள்ளைத் துணியோடு ஒட்டாமல் தனியாக மடியுங்கள்.

வெளுத்துப்போன புடவையைத் தூக்கிப் போடாதீர்கள். எங்களிடம் வாங்கியதாக இருந்தால், சீவல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மறுபடி சாயம் ஏற்றித் தருகிறோம். துவைத்து, கஞ்சி போடாமல் கொண்டுவாருங்கள். ஐப்பசி மழையில் துணி காயாது என்பதால், தீபாவளிக்கு வேண்டும் என்பவர்கள் ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டை சாயப்பட்டறையிலிருந்து