தம்பிக்கு, கேன்டன் போவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பயண விஷயம். நானும் அம்மாவும் வெள்ளிக்கிழமை மதியம் கிளீவ்லாந்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு உன் அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல் நடக்கிற கேன்டன் வந்துவிடுவோம், ஒரு மணி நேர ஓட்டம்தான். அக்கா சனிக்கிழமை வருகிறாள். குளிருக்கு உள்ளே போட அம்மா இரண்டு தெர்மல் செட் வாங்கி வைத்திருக்கிறாள், அவன் போட மாட்டான் என்று சொன்னேன், கேட்கவில்லை. இந்த வாரம் வீட்டில் மீன் கிடையாது. நீ ஆயிரம் மைல் தள்ளி ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிடுகிறாய், அவள் இங்கே டாலஸில் உட்கார்ந்துகொண்டு ஆட்ட வாரத்தில் மீனைத் தொட மாட்டேன் என்கிறாள். ஆச்சி பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். "இன்னமும் தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு முட்டுற ஆட்டந்தான் ஆடுறானா" என்று கேட்டாள். ஃபைனல் ஆச்சி, நாடே பார்க்கும் என்றேன். கல்லூரி ஃபுட்பாலில் மூன்றாவது டிவிஷனை நாடு எங்கே பார்க்கிறது, ஆனாலும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு விரிந்தது.

போனில் பேசினால் நீ ஓகேப்பா என்பாய், நான் சரிப்பா என்பேன், அதோடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு ஆபீஸ் மெயில் மாதிரி வருகிறது. மூன்றாம் வகுப்பு வரை ஊரில் படித்தவன், இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே போனவன், எழுத்துக் கூட்டியாவது வாசித்துவிடுவாய். மெதுவாக வாசி. கண் வலித்தால் நிறுத்திவிட்டு அப்புறம் வாசி.

நன்றாகத் தூங்கு, தண்ணீர் குடி. பந்தோடு ஓட நேர்ந்தால் சறுக்கிவிடு. இரண்டு யார்டு குறைந்தால் குறையட்டும், காலை முன்னால் நீட்டிச் சறுக்கிவிட்டால் அப்புறம் உன்னை யாரும் அடிக்கக் கூடாது, அதுதானே விதி. நீ சறுக்குவதே இல்லை. தோளைக் கொடுத்து மோதுகிறாய். ஸ்டாண்டில் இருப்பவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள், நானும் கத்தியிருக்கிறேன்.

அக்கா சொன்னாள், அவள் காரில் மூன்று மணி நேரம் போய், முன்பு உன்னைப் போலவே குவார்ட்டர்பேக்காகப் பந்து எறிந்து ஆடிய அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தீர்களாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். முதல் ஸ்னாப்பில் பந்து கைக்கு வருமுன் கை நடுங்கினால் என்ன செய்வது, இரண்டு பக்கமும் பிளிட்ஸ் என்று ஆட்கள் பாய்ந்து வந்தால், நம் ஆட்கள் அரண் கட்டி நிற்கிற பாக்கெட்டில் எவ்வளவு நேரம் நிற்கலாம், முந்தின ராத்திரி அவருக்குத் தூக்கம் வந்ததா என்றெல்லாம் கேட்டாயாம். நல்ல பதில்தான் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு மூன்று பந்தைக் கிட்டத்திலேயே போடு, கை சூடாகட்டும், ஆள் கிடைக்கவில்லை என்றால் பாக்கெட்டை விட்டு வெளியே வந்து கோட்டைத் தாண்டி எறிந்துவிடு, ஒரு டவுன், ஒரு முயற்சிதானே, போனால் போகட்டும், பந்து எதிராளி கைக்குப் போகக் கூடாது. இதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். சரி, சொல்லியிருக்க மாட்டேன். நாலு டவுன், பத்து யார்டு என்பதையே 40 வயதுக்கு மேல் நோட்டுப் போட்டு எழுதிப் படித்தவன் நான். அந்த நோட்டை நீ உன் நண்பர்களிடம் காட்டிச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒரு போன் செய்து, அப்பா எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஃபுட்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அவர் வீட்டில் அக்கா வேறொன்றும் பார்த்திருக்கிறாள். நீ என்ன படிக்கிறாய் அம்மா என்று அவளை மூன்று தடவை கேட்டாராம். பந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 30 வருடத்துக்கு முந்தைய பிளே கூட நம்பரோடு வந்து விழுந்ததாம். தண்ணீர் எடுக்க அக்கா சமையலறைக்குப் போனால் அலமாரிக் கதவுகளில் சின்னச் சின்னச் சீட்டு, தட்டு, டம்ளர், மாத்திரை என்று. அவர் மனைவி எழுதி ஒட்டியது. அக்கா அதைப் பார்த்ததை அந்த அம்மாளும் பார்த்துவிட்டு, ஐஸ் வேண்டுமா என்று மட்டும் கேட்டாராம். திரும்பி வரும்போது அக்கா உன்னிடம் அந்தப் பேச்சை எடுத்தாளாம், நீ "வயசாச்சுல்ல" என்றாயாம். அவருக்கு 61. எனக்கு 56.

நன்றிகூறல் நாளுக்கு வந்தபோது நாலு நாளும் உன் அறையில் திரை இறக்கியே இருந்தது. அம்மா மிக்ஸி போட்டால் எழுந்து கராஜுக்குப் போனாய். ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று ஒரே காலையில் என்னிடம் இரண்டு தடவை கேட்டாய். பரீட்சை டென்ஷன் என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்வது எனக்குப் பழகிவிட்டது.

நீ சின்ன வயதில் ஜெர்சியில் 8-ஆம் நம்பர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாயே, டாலஸ் அணியின் குவார்ட்டர்பேக் ட்ராய் எய்க்மன் நம்பர் என்று. 1994 ஜனவரியில், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகின் ஃபைனலான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், அவர் தலையில் ஒருவன் முழங்கால் பட்டது. அன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டு, நான் ஆடினேனா, ஜெயித்தோமா என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட் பதில் சொல்லியிருக்கிறார், ஆளுக்குச் சந்தோஷம். சில நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. அந்த ஆட்டம் தனக்கு நினைவிலேயே இல்லை என்று எய்க்மனே பிறகு சொல்லியிருக்கிறார். ஆனாலும் அடுத்த வாரம் இறங்கி ஆடி, 30-13 என்று சூப்பர் பவுல் ஜெயித்தார்கள். இந்த ஊரில் அந்தக் கதையை இன்றும் வீரக் கதையாகச் சொல்கிறார்கள். நானும் ஆபீஸில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். போன வருஷம் வேலையாக கிளீவ்லாந்து வந்தபோது கேன்டன் போய் அந்த ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்தைப் பார்த்தேன். ஒரு பெரிய அறை நிறைய வெண்கலத் தலைகள், உடம்பு கிடையாது, தலை மட்டும். மைக் வெப்ஸ்டரின் தலையைத் தேடிப் பிடித்தேன். பிட்ஸ்பர்க் அணியின் சென்டர், நாலு சூப்பர் பவுல், குவார்ட்டர்பேக் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு மோதுகிற முதல் ஆள். 2002-இல் 50 வயதில் இறந்தார், அதற்கு முன்னால் காரில் படுத்துத் தூங்குகிற நிலைக்கு வந்திருந்தார். பென்னட் ஒமாலு என்கிற டாக்டர் அவர் மூளையை அறுத்துப் பார்த்துத்தான், திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் வந்த மூளைச் சேதத்தைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல வழியில்லையாம். 2017-இல் பாஸ்டனில் என்எஃப்எல் ஆடியவர்கள் 111 பேரின் மூளையைப் பார்த்ததில் 110 பேருக்கு அது இருந்தது. குடும்பத்தார் சந்தேகப்பட்டுக் கொடுத்த மூளைகள் அவை, அதை வைத்து எல்லோரையும் சொல்ல முடியாது, நீ கல்லூரிப் பையன், கணக்கு வேறு. டேட்டா வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாதா. தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

தூங்கு. தண்ணீர் குடி. சறுக்கிவிடு என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

மீன் விஷயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன், இவ்வளவு நேரம் சுற்றி வந்துவிட்டேன். 11-ஆம் வகுப்பில் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, மூன்றாம் குவார்ட்டரில் இரண்டு பேர் நடுவில் மாட்டி, எழுந்து எதிரணி ஆட்கள் கூடி நின்ற ஹடிலைப் பார்த்து நடந்தாயே. எல்லோரும் சிரித்தார்கள். நீ திரும்பி வந்து டச்டவுன் போட்டாய். காரில் ஏறியதும் வாந்தி எடுத்தாய், ஹெட்லைட் கண்ணைக் குத்துகிறது என்றாய், யாரிடமும் சொல்லாதே அப்பா, அடுத்த வாரம் ஒரு காலேஜ் கோச் என்னைப் பார்க்க வருகிறார் என்றாய். உனக்கு 16 வயது, நீ அப்படித்தான் சொல்வாய். மறுநாள் காலை, டீமில் காயங்களைக் கவனிக்கிற ட்ரெய்னர் எனக்குப் போன் செய்தார். பையனுக்குத் தலைவலி, வாந்தி ஏதாவது உண்டா என்று நேராகவே கேட்டார். சொல்லியிருந்தால் டெக்சஸ் சட்டப்படி டாக்டர் எழுதிக் கொடுத்து நான் கையெழுத்துப் போடும்வரை உன்னை இறக்க முடியாது. நான் சொன்னேன், வாந்தி எடுத்தான், வீட்டில் மீன் குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று.

அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அன்றைக்கே மிச்சக் குழம்பைக் கொட்டினாள். இத்தனை வருஷமாக அவள் கைப்பக்குவத்தின் மேல் அவளுக்கே சந்தேகம், நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறேன்.

உனக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். இந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷத்தில் ஒருத்தன் என் பேரைக் கேட்டதில்லை. அந்த சீசனில்தான் கடைக்குப் போனால் க்யூபி அப்பா, அதாவது குவார்ட்டர்பேக்கின் அப்பா, என்று கை கொடுத்தார்கள், ஸ்டாண்டில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அது போய்விடும் என்று பயந்தேன். அடுத்த வெள்ளி உன்னை மறுபடி இறக்கினார்கள், நான் எழுந்து நின்று கத்தினேன்.

நீ என்னிடம் கேட்காமல் அவரிடம் போனதில் எனக்கு என்ன கோபம் வேண்டியிருக்கிறது. தலைவலி என்று ஒரு தடவை என்னிடம் வந்தாய், நான் மூடி மறைக்கக் கற்றுக் கொடுத்தேன். இப்போது என்னிடமே மறைக்கிறாய்.

இந்த ஆட்டத்தில் ஸ்காலர்ஷிப் கூடக் கிடையாது, மே மாதம் டிகிரி, அப்புறம் வேலை. அதனால் ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத்தான் ஆசை, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்கள் டீம் ட்ரெய்னரிடம் வெள்ளிக்கிழமைக்குள் போய்த் திரை, மிக்ஸி, இரண்டு தடவை கேட்டது எல்லாவற்றையும் சொல். அவர் ஆடலாம் என்றால் ஆடு, நான் குளிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். அக்காவிடம் அவர் நம்பர் வாங்கிவிட்டேன். அப்புறம் நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லப் போகிறேன். அவள் இப்போது மாடியில் உன் தெர்மலை மடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை நான் தனியாக வந்து இறங்கினால் ஏன் என்று கேட்காதே.

பதிலை ஆங்கிலத்திலேயே போடு, ஒரு வரி போதும்.

அப்பா