நம் சென்டர் அண்ணனுக்கு ஓய்வு கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறைக் கூடைப்பந்து அணியின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நாக் அவுட் சுற்றில் நம் அணியின் இடம் உறுதியான பிறகும், சனி, ஞாயிறு என அடுத்தடுத்து வரும் கடைசி இரண்டு லீக் ஆட்டங்களிலும், கூடைக்கடியில் நின்று ஆடும் நம் சென்டர் அண்ணனை முழு 40 நிமிடமும் ஆட வைக்க முடிவு செய்திருப்பதாக அறிந்து இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 38. 15 ஆண்டுகள் அவரோடு சேர்ந்து ஆடியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்த இரண்டு ஆட்டங்களிலும் அவரை இறக்க வேண்டாம்.

அவருடைய உழைப்பை நாம் களத்தில் மட்டுமே கணக்கிடுகிறோம். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, பொள்ளாச்சிச் சந்தையில் காய்கறி ஏற்றி, கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாக விடியுமுன் ஊர் திரும்புகிறவர் அவர். இரவெல்லாம் கிளட்ச் மிதித்த அதே இடது காலைத்தான் மாலையில் சிமெண்ட் தளத்தில் ஊன்றி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டுக்கு) எம்புகிறார். போன வாரம் மூன்றாம் குவார்ட்டரிலேயே அந்தக் காலை அவர் தாங்கித் தாங்கி வைத்ததை நான் பார்த்தேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில், லேக்கர்ஸ் அணியை லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோயே தீருவது என்று, ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறத்தாழ முழு நேரமும் களத்தில் நின்ற கோபி பிரையன்டுக்கு, 2013 ஏப்ரல் 12 அன்று குதிகால் தசைநாண் அறுந்தது. அப்போது அவருக்கு 34 வயது. லேக்கர்ஸ் பிளேஆஃபுக்குப் போனது, அவரால் ஆட முடியவில்லை. முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோ அணியிடம் நான்கு ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. அதே சான் அன்டோனியோ, 2012 நவம்பரில் டிம் டங்கன் உள்ளிட்டோரை மயாமி ஆட்டத்துக்கு முன் ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பி, லீகிடம் 2,50,000 டாலர் அபராதம் வாங்கிய அணி. பயிற்சியாளர் போபோவிச் அதற்குப் பிறகும் மாறவில்லை. 2013-14 பருவத்தில் அவருடைய ஆட்டக்காரர் ஒருவருக்கும் சராசரி 30 நிமிடத்தை எட்டவில்லை. அந்த ஜூனில் மயாமியை வென்று கோப்பையைத் தூக்கியபோது டங்கனுக்கும் 38 வயதுதான்.

இரண்டு ஆட்டங்களையும் தோற்றால் அரையிறுதியிலேயே கோவை அணியைச் சந்திக்க நேரிடும் என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கால் வீங்கிய அண்ணனோடு இறுதியாட்டத்தில் சந்திப்பதைவிட, ஓய்ந்து தேறிய அண்ணனோடு அரையிறுதியில் சந்திப்பதே நமக்கு நல்லது. நாக் அவுட்டில் ஒவ்வொரு குவார்ட்டரின் முதல் 3 நிமிடமும் கடைசி 3 நிமிடமும் அவர் ஆடட்டும். இடைப்பட்ட நேரத்தைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்ற விதி இடம் தருகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "முடியுமா அண்ணா?" என்று அவரிடம் கேட்காதீர்கள். முடியும் என்பதைத் தவிர வேறு பதிலை இந்த 15 ஆண்டுகளில் நான் கேட்டதில்லை. முடிவை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அரையிறுதிக்கு முந்தைய இரவு அவருடைய வண்டியைப் பொள்ளாச்சிக்கு நான் ஓட்டிச் செல்கிறேன். அவர் வீட்டில் பேசிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய கார்டு ஆட்டக்காரன்