ஆண்டறிக்கை 2025: தட்டைக் கழுவுவது யார்?

தலைவர் அவர்களுக்கும், செயலவை நண்பர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் பொங்கல், ஏப்ரலில் தமிழ் மொழி மாதத்தையொட்டிப் பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டியும் சித்திரை விருந்தும், அக்டோபரில் தீபாவளி ஒன்றுகூடல். எல்லாம் சிங்கப்பூர் ஈசூனில் நாம் எப்போதும் எடுக்கும் சமூக மன்ற மண்டபத்தில் நல்லபடியாக நடந்தன. மாதாந்திரக் கலந்துரையாடலுக்குக் கூட்டம் வருவது மழையையும் கிரிக்கெட்டையும் பொறுத்தே இருந்தது. கணக்கைப் பொருளாளர் சொல்வார்.

உண்மையைச் சொன்னால், இந்த ஆண்டு நாம் தமிழைவிட அதிகம் பேசியது தட்டைப் பற்றித்தான்.

பொங்கல் விருந்து முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் கறுப்புப் பைகள் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தன. பைக்குள் சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் தட்டுகள், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள். அதைப் பார்த்துவிட்டு, சித்திரை விருந்து முதல் எவர்சில்வர் தட்டுதான் என்று செயலவை முடிவெடுத்து வாட்ஸ்அப்பில் அறிவித்தது. அன்றிரவு குழுவில் வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுற்றுப்புறத்தைக் காக்க வேண்டாம் என்று ஒருவர்கூட எழுதவில்லை. தட்டு மட்டும் வேண்டாம் என்றார்கள். வாழை இலை போடலாமே என்றார் ஒருவர். நின்றபடி சாப்பிடும் பஃபேயில் இலையை எங்கே விரிப்பது?

சித்திரை விருந்தன்று ஓர் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி: “முடிவெடுத்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மேடையில் பேசப் போய்விடுவீர்கள். எச்சில் தட்டை யார் தம்பி கழுவுவது?” சமையற்கட்டில் இருப்பது ஒரே குழாய். அதன் முன்னால் அன்று நின்றவர்கள் நான்கு பெண்கள். குழுவில் கடுமையாக எழுதியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இதையொட்டியே ஜூன் மாதக் கலந்துரையாடலுக்கு, பொது நன்மைக்கான திட்டங்களை மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்ற தலைப்பை வைத்தோம். பேச்சு நேராக உணவங்காடி நிலையத்துக்குப் போனது. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதலில் எழுத்துபூர்வ எச்சரிக்கை, மறுபடி பிடிபட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். துப்புரவு செய்யும் முதியவர்களின் வேலை போய்விடும் என்று அப்போது பலர் வாதிட்டார்கள். அந்தக் கவலை உண்மையானதுதான், ஆனால் கையில் குழம்புத் தட்டோடு நடக்கும் சங்கடமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பது என் கருத்து. இன்று அதே ஆட்கள் தட்டை வைத்துவிட்டு அடுத்த மேசைக்காரரை முறைக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பை விஷயமும் வந்தது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. ஐந்து காசுக்கா இவ்வளவு முணுமுணுப்பு என்று சிரிப்பது எளிது. அந்தப் பையில்தான் வீட்டுக் குப்பையைக் கட்டி, குப்பைக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தோம். இலவசமாக வந்த ஒன்றைக் கடையில் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும். அந்தக் காசால் கடலுக்கு வரும் நன்மை யார் கண்ணில் படுகிறது?

சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் முன்பு குடியிருந்த உறுப்பினர் ஒருவர் 2008ஐ நினைவுபடுத்தினார். பழைய பள்ளி வளாகத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி வரப்போகிறது என்றதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மனுவில் கையெழுத்திட்டன. “விடுதி வேண்டாம்னு யாரும் சொல்லலை, எங்க பேட்டையில வேண்டாம்னுதான் சொன்னோம்” என்றார். பிறகு தனிச்சாலை போட்டு, 600 பேர் அளவில் விடுதி வந்தது. ஊழியர்களைப் பற்றி அன்று பேசப்பட்ட சில பேச்சுகள் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் சாலையில் நெரிசல் கூடும் என்ற கவலைக்குச் சாலையாலேயே பதில் சொன்னது சரியான வேலை.

நம்மிடையே உள்ள போக்குவரத்துப் பொறியாளர் சொன்னதுதான் அன்றைய கூட்டத்தின் பலன். நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கலாமா என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 2005இல் மக்களிடம் கேட்டார்கள். யாரும் அதை அனுபவித்துப் பார்க்காத நிலையில், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் வேறு வழி. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக நடத்தினார்கள். தொடங்கும்போது பெரும்பாலோர் எதிர்ப்பு. போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சரி என்றார்கள். சிங்கப்பூரில் 1975இலேயே நாளுக்கு 3 வெள்ளி என்று வந்துவிட்டது. வாக்கெடுப்பு ஏதும் இல்லை, அது வேறு கதை.

ஆக, கெடுவது வருமுன்னே கண்ணில் நிற்கிறது, நல்லது வந்த பிறகுதான் தெரிகிறது. சுமை ஒரு சிலர் தலையிலும் நற்பெயர் வேறு சிலர் பேரிலும் விழுந்தால் எதிர்ப்பு இன்னும் கூடும். இதைச் சுயநலம் என்று திட்டினால் அடுத்த விருந்துக்கு ஆள் வரமாட்டார்கள்.

தீபாவளிக்கு, சுமையை எல்லாரும் பகிர்ந்து, சோதனையாகச் செய்து பார்த்தோம். மண்டபத்துக்கு வெளியே சோப்புத் தண்ணீருக்கு ஒன்றும் அலசுவதற்கு இரண்டுமாக மூன்று பெரிய பேசின்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். முதியவர்களின் தட்டைச் செயலவை கழுவும். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பேசினில் நின்றார். அப்புறம் மற்ற ஆண்களுக்கும் வேறு வழியில்லை. தட்டு வாங்கும் செலவு மிச்சமானதில் பாதாம் அல்வா போட்டோம், அதை மைக்கிலும் சொன்னோம். பிடிவாதமாக வீட்டிலிருந்து காகிதத் தட்டு கொண்டுவந்த இருவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புப் பைகள் இரண்டோடு முடிந்தன.

எனவே செயலவை இந்தத் தீர்மானத்தை முன்வைக்கிறது: இந்த ஏற்பாட்டை 2026 முழுவதும் சோதனையாகத் தொடர்வது, அடுத்த பேரவையில் ரகசிய வாக்கெடுப்பு நடத்துவது, பெரும்பான்மை வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவது. சித்திரை விருந்துக்கு முதியவர்களின் தட்டைக் கழுவுவோர் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. இதுவரை அதில் ஆண்களின் பெயர் இரண்டுதான், ஒன்று என்னுடையது. தேநீர் இடைவேளைக்குள் நிரப்பித் தாருங்கள்.

கணக்கறிக்கையை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்