மாட்ரிட் குழுவும் மெக்ஸிகோ கூட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் ராக் இசைத் தொடரை விடாமல் படித்துவருகிறேன். சென்ற இதழில், ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பாடும் மெட்டல் (கிடார் அதிரும் கனமான ராக் வகை) குழுக்கள் எல்லாமே பிரிட்டன், அமெரிக்கக் குழுக்களின் நகல்தான் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வேலை நிமித்தமாக மெக்ஸிகோ சிட்டியில் இருந்த காலத்தில் 'மாகோ தே ஓஸ்' குழுவின் கச்சேரியை நேரில் பார்த்தேன். ஸ்பெயினின் மாட்ரிட்டில் 1988இல் சுஸ் என்ற டிரம்மர் தொடங்கிய, ஸ்பானிய மொழியில் பாடும் குழு அது. மெட்டலுக்கு உரிய கிடார் இரைச்சல் எல்லாம் உண்டு. கூடவே வயலினும் புல்லாங்குழலும் உண்டு. என்னை அழைத்துப் போனவர் என் வீட்டு ஓனரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். மகனுக்கு இந்தக் குழுவை அறிமுகப்படுத்தியதே அவர்தானாம். நம் ஊரில் இது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கும்!

அரங்குக்கு வெளியே ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. நடைபாதை நெடுக கறுப்பு டீஷர்ட் கடைகள். அந்த ஊர் ராக் கச்சேரிகளில் பெல்ட்டோடு உள்ளே விடுவது அரிது. கைகலப்பு வந்தால் ஆயுதமாகிவிடும் என்ற பயம். அதனால் பெல்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதற்கென்றே சிலர் துணி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பெல்ட்டுக்கு ஒரு சீட்டு, நமக்கு ஒரு சீட்டு, கையில் சில பெசோ. நம் கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரிதான். உள்ளே வெந்நீர் ஊற்றிய கப் நூடுல்ஸைத் தட்டில் அடுக்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, குதிக்கிற கூட்டத்துக்கு நடுவே ஒருவர் விற்றுக்கொண்டே போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு மிகப் பெரிய வித்தையாகத் தெரிந்தது அதுதான்.

சரி, இசைக்கு வருகிறேன். காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் தோன் கிஹோத்தே (டான் குயிக்சாட்) கதையை வைத்து 1998இல் இவர்கள் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதில் உள்ள காற்றாலைப் பாட்டுக்கு வயலின் எடுத்துக்கொடுத்ததும், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே மொத்த அரங்கும் அந்த மெட்டை இழுக்க ஆரம்பித்துவிட்டது. வார்த்தைகள் வந்தபிறகும் அப்படித்தான். பாடகர் பாதி நேரம் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். நடுவில் வந்த காதல் பாட்டுகள் எனக்குச் சற்றுத் திகட்டின. ஓனரம்மாவுக்கோ கண்ணில் தண்ணீர். எந்தப் பாட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது 2003இல் வெளியான 'கையா' தட்டைப் பற்றி. ஸ்பானியர்கள் மெக்ஸிகோவைப் பிடித்த கதையை ஒரு ஸ்பானியக் குழுவே எடுத்துக்கொண்டு, வென்றவர்களின் பக்கம் நிற்காமல் பாடிய தட்டு அது. தொடக்க இசையின் பெயரிலேயே 1520 என்ற ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 30 இரவில்தான் ஸ்பானியத் தளபதி கோர்தேஸின் படை, இன்றைய மெக்ஸிகோ சிட்டி இருக்கும் இடத்தில் இருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானிலிருந்து அடிவாங்கி ஓடியது. தோற்ற கோர்தேஸ் உட்கார்ந்து அழுததாகச் சொல்லப்படும் மரத்தின் மிச்சம் இன்றும் மெக்ஸிகோ சிட்டியின் போபோட்லா பகுதியில் நிற்கிறது. அந்த மரத்தின் பெயரிலும் தட்டில் ஒரு பாட்டு உண்டு. அதே தட்டில் இன்னொரு பாட்டு, 2002இல் 'பிரெஸ்டீஜ்' எண்ணெய்க் கப்பல் உடைந்து ஸ்பெயினின் கலீசியாக் கடற்கரை கறுத்துப்போனதைப் பற்றியது. இதையெல்லாம் எந்த ஆங்கிலக் குழுவிடமிருந்து நகல் எடுத்தார்களாம்?

கிடாரில் பிரிட்டிஷ் மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் சாயல் இருக்கிறது என்றால் மறுக்கமாட்டேன். வயலினில் அயர்லாந்து நாட்டுப்புற வாடையும் அடிக்கும். வாத்தியத்தையும் வாசிக்கும் முறையையும் வாங்கிக்கொள்ளாத இசை எங்கே இருக்கிறது? வயலின் நம் கர்நாடகக் கச்சேரிக்கே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே.

மெக்ஸிகோக் கூட்டம் இப்படித் தொண்டை கிழியப் பாடுவதற்கு வேறொரு பின்னணியும் உண்டு. 1971 செப்டம்பரில் அவாந்தரோ என்ற இடத்தில் பெரிய ராக் விழா ஒன்று நடந்தது. அதில் இளைஞர்கள் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று பத்திரிகைகள் கொதிக்க, அரசாங்கம் ராக் இசையையே ஓரங்கட்டியது. வானொலியும் கைவிட்டது, நல்ல அரங்குகளும் கிடைக்கவில்லை. பல வருடங்களுக்குப் புறநகர் கொட்டகைகளிலும் கிடங்குகளிலும்தான் அது உயிர் பிழைத்தது. மெக்ஸிகோ சிட்டியில் 1980இல் தொடங்கிய, ராக் ரசிகர்களின் சோப்போ சந்தை இன்றும் சனிக்கிழமைதோறும் கூடுகிறது. பழைய கேசட், தட்டு, டீஷர்ட் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். ஓனரம்மா 'மாகோ தே ஓஸ்' தட்டை முதலில் வாங்கியதும் அங்கேதானாம். மேடை கிடைக்காமல் இருந்த ஓர் இசைக்குப் பெரிய அரங்கும் விளக்கும் கிடைத்தால் சும்மா இருப்பார்களா?

கடைசிப் பாட்டு, 2000இல் வந்த 'ஃபியெஸ்தா பகானா'. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தோளில் கைபோட்டு வட்டமாகக் குதித்தார்கள். என் தோளிலும் ஒரு கை விழுந்தது. அப்புறம் குதிக்காமல் நிற்க முடியுமா?

தொடர் இன்னும் சில வாரங்கள் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். 1982இலேயே இங்கிலாந்தின் ரெடிங் ராக் விழா மேடை ஏறிய ஸ்பெயினின் 'பரோன் ரோஹோ' குழுவுக்கும், அர்ஜென்டினாவின் 'ராட்டா பிளாங்கா' குழுவுக்கும் ஆளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். கட்டுரையாளர் கேட்டுப் பார்க்க விரும்பினால், 'மாகோ தே ஓஸ்' 2017இல் மெக்ஸிகோ சிட்டியில் ஆர்கெஸ்ட்ராவோடு நடத்திய கச்சேரி தட்டாகவே கிடைக்கிறது. ஹெட்ஃபோனில் கேட்க வேண்டாம், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.