இணைப்பு அறுந்தாலும் வேலை அறுபட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து பணியாற்றுவோருக்காகத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வரும் குறிப்புகள், இணைய வேகத்தைக் கூட்டும் வழிகளைப் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றன. தொலைவிலுள்ள சர்வரில் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) வழியாக வேலை செய்வோருக்கோ, வேகக் குறைவைக் காட்டிலும் இணைப்பு நடுவில் அறுந்துபோவதே பெரிய தொல்லை. அதைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக அணுக உதவும் எஸ்எஸ்எச் மூலம் உள்நுழைந்து நாம் ஓட்டும் நிரல் சர்வரில்தான் ஓடுகிறது என்றாலும், அதன் ஆயுள் அந்த இணைப்போடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. இணைப்பு போய்விட்டதைச் சர்வர் உணர்ந்ததும் அந்த டெர்மினலை மூடிவிட, அதிலிருந்த நிரல்களுக்கு 'ஹேங்கப்' என்னும் சிக்னல் செல்கிறது. அதைப் புறக்கணிக்கும்படி எழுதப்படாத நிரல்கள் அத்துடன் முடிந்துவிடுகின்றன. தொலைபேசி மோடம் வழியாகக் கணினியை அணுகிய காலத்தில் இந்த ஏற்பாடு நியாயமானதே. நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபையும் அலைபேசி டேட்டாவும் மாறி மாறி வரும் இன்றைய நிலையில், பல மணி நேரம் ஓட வேண்டிய தரவுத்தள வேலை பாதியில் நிற்பதற்கும் அதுவே காரணமாகிறது.

இதற்கான மருந்து புதியதல்ல. 1987இல் வெளிவந்த 'ஸ்கிரீன்', 2007இல் வந்த 'டிமக்ஸ்' ஆகிய இரண்டு நிரல்களுமே டெர்மினலைச் சர்வரிலேயே தனியாக உயிரோடு வைத்திருக்கின்றன. இணைப்பு அறுந்தால் மீண்டும் உள்நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்' என்று கொடுத்தால் போதும், விட்ட இடம் அப்படியே திரையில் வந்து நிற்கும். ஸ்கிரீனில் மட்டும், பழைய இணைப்பு இன்னும் இருப்பதாகவே சர்வர் நம்பிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அதைக் கழற்றிவிட்டுச் சேரும்படி சொல்ல வேண்டும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், சும்மா கிடக்கும் ஓர் இணைப்பைச் சோதிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

குறிப்பிட்ட இடைவெளியில் சர்வருக்குச் சிறு செய்தி அனுப்பும் எஸ்எஸ்எச்சின் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' அமைப்பையே தீர்வாகச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பேச்சில்லாத இணைப்பை ரவுட்டர் துண்டித்துவிடாமல் அது காக்கும். உண்மையாகவே இணைய இணைப்பு போனால் அதனால் எந்தப் பயனும் இல்லை. 2012இல் எம்ஐடியில் உருவான 'மோஷ்' என்ற தொலை இணைப்புக் கருவி இதைவிட மேலானது. நிலையான இணைப்பு தேவைப்படாத யுடிபி என்ற முறையில் இயங்குவதால், ஐபி முகவரி மாறினாலும், மடிக்கணினியை மூடித் திறந்தாலும் அமர்வு தொடர்கிறது. ஆனால் அந்த மடிக்கணினியே நின்று மறுபடி தொடங்கினால் பழைய மோஷ் அமர்வில் சேர முடியாது. ஆகவே மோஷுக்குள்ளும் டிமக்ஸ் தேவைப்படுகிறது. சர்வரே மறுதொடக்கம் ஆனாலோ, டிமக்ஸும் கைவிட்டுவிடும்.

எதுவும் செய்யாமல் இணைப்பை இழந்தவர்களுக்கு மிஞ்சும் வழிகள் சொற்பம். விம் எடிட்டரில் எழுதிக்கொண்டிருந்தது என்றால் அது தானாகச் சேமித்துவைக்கும் சுவாப் கோப்பிலிருந்து பெரும்பகுதியை மீட்கலாம். நிரல் இன்னும் சாகாமல் இருந்தால் 'ரெப்டைர்' என்ற கருவியால் அதைப் புதிய டெர்மினலுக்கு இழுத்துப் பார்க்கலாம். பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் அதற்கு இடம்கொடுத்தால்தான் அதுவும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் பதிப்பு மேம்படுத்தும் கருவி, எஸ்எஸ்எச் வழியாக இயக்கப்படும்போது தானாகவே ஸ்கிரீனுக்குள் சென்று அமர்ந்துகொள்கிறது. அவசரத்துக்கென 1022 என்ற போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் வாசலையும் திறந்து வைக்கிறது. கருவியை உருவாக்கியவர்களே இவ்வளவு முன்னெச்சரிக்கையாக இருக்கும்போது, பயிற்சி வகுப்புகள் சர்வரில் உள்நுழையக் கற்றுக்கொடுக்கும் அதே பாடத்தில் டிமக்ஸையும் சேர்க்காமல், எப்போதாவது தேவைப்படும் கூடுதல் திறனாக அதைக் கடைசிக்குத் தள்ளுவது சரியல்ல. கற்க வேண்டியவை தொடங்குதல், கழற்றுதல், மீண்டும் சேர்தல் ஆகிய மூன்று கட்டளைகளே. தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அவற்றை ஒருமுறை விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியிலுள்ள ஒரு வாசகர்