ஊதவைத்தவர்களுக்கும் சளிக்குப்பி சுமந்தவர்களுக்கும்

ரீயூனியன் தீவில் மியூக்கோவிசிடோஸ் நோயோடு, அதாவது நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸோடு, வாழும் பெரியவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் வணக்கம், சேன்-தெனியிலும் சேன்-பியேரிலும் மூச்சுப் பரிசோதனை அறையில் நிற்பவர்களுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் எடுத்துத் தரும் 'வெம்ஸ்', அதாவது பலமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு, மருத்துவரின் முடிவையே மாற்றும். அதனால்தான் காலையிலேயே 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்க்கிறீர்கள்; 3 சதவீதத்துக்கு மேல் பிசகினால் யாரையும் ஊதவிடுவதில்லை. மூக்கில் கவ்வி மாட்டி, "இன்னும், இன்னும்" என்று கத்துகிறீர்களே, அந்தக் கத்தலுக்குத் தனி நன்றி. மூச்சை முழுதாக இழுக்காமல் தொடங்கினாலும், தயங்கி ஊதினாலும், உதட்டோரம் காற்று கசிந்தாலும் அளவு குறையும். கெடாத நுரையீரல் கெட்டதாகத் தெரியும். நல்ல ஊதல் மூன்று வந்து, அவற்றில் மேலான இரண்டு 150 மில்லிக்குள் ஒத்துப்போகும்வரை நீங்கள் விடுவதில்லை.

ஒரு தாளைப் பார்த்துப் பதறாமல் பழைய தாள்களோடு வைத்துப் பார்க்கச் சொன்ன மருத்துவர்களுக்கும் நன்றி. வழக்கமாக 2 லிட்டர் ஊதுபவர் 1.8 லிட்டருக்கு இறங்கினால் அது 10 சதவீதச் சரிவு. சளியும் இருமலும் கூடியிருக்கிறதா என்று விசாரித்து, நுண்ணுயிர்க்கொல்லி தொடங்க வேண்டிய கட்டம். சிகிச்சை முடிந்தும் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால்தான் நோய் ஒரு படி நகர்ந்ததாகக் கொள்ள வேண்டும். சிகிச்சைக்குப் பின் மறுபடி ஊதவைக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் இது யாருக்கும் தெரியவராது.

ஆண்டுக்கொருமுறை சர்க்கரைப் பரிசோதனைக்கு நச்சரிக்கும் உணவியலாளர்களையும் மறக்கவில்லை. எங்கள் நோயோடு சேர்ந்து வரக்கூடிய சர்க்கரை நோய்க்கு அந்தப் பெயர் வைப்பதற்கு முன்பே எடையும் வெம்ஸும் சரியத் தொடங்கிவிடும்.

ஆய்வுக்கூடத்தாரே, குப்பியில் இருப்பது சளியா வெறும் எச்சிலா என்று பார்த்து, எச்சிலைத் திருப்பி அனுப்புகிறீர்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் நுரையீரலில் குடியேறும் சூடோமோனாஸ் கிருமியை எச்சிலில் தேடிப் பயனில்லை. இந்த நோயில் பழுதான புரதத்தைச் சரிசெய்யும் காஃப்ட்ரியோ மாத்திரை சாப்பிடுவோருக்குச் சளியே வற்றிவிடுவதால், அடர் உப்புநீரின் நுண்துளிகளை மூச்சில் இழுக்கவைத்து அதை வரவழைக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். தொண்டையைத் துடைத்தெடுக்கும் பஞ்சு அடி நுரையீரல் கிருமியைத் தவறவிடலாம். இந்தத் தீவில் அதிகம் காணப்படும் ஒய்122எக்ஸ் என்ற மரபணு மாற்றம் அந்த மரபணுவின் இரு பிரதியிலும் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை பிடித்துக்கொள்ளப் புரதமே உருவாகாது. அவர்களுக்கு இந்தக் கண்காணிப்பு இன்னும் முக்கியம்.

ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றாதபடி நேரம் பிரித்து, முகக்கவசம் தந்து, இருவரை ஒரே அறையில் உட்காரவிடாத செவிலியர்களுக்கு நன்றி.

கடைசியாக, சளிக்குப்பிகளோடு சிலாவோஸ் மலைப்பாதையின் 400 வளைவுகளையும் கடந்து வரும் ஓட்டுநர்களுக்கு. குப்பி வெயிலில் கிடந்தால் வேகமாகப் பெருகும் கிருமிகள் மற்றவற்றை மூடிவிடும். ஐஸ்பெட்டியை நிழல்பக்கச் சீட்டில் வைத்து, மூடியை இன்னொருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறீர்கள்.